ஒன்றரை மணி நேரத் தொலைவில் வீட்டுக்காரர்

வடதுருவத்தை ஒட்டிய பனிப்பிரதேசத்தில், ரெசொலூட்டிலிருந்து கிரைஸ் ஃபியர்டுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். விமானக் கம்பெனிக்காரன் இதை ஓர் அட்டையில் அச்சடித்து இரண்டு ஊர்க் கொட்டகையிலும் மாட்டியிருக்கிறான். அச்சடித்தவன் தெற்கே எங்கோ சூடான அறையில் உட்கார்ந்துகொண்டு, வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து, முன்னூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டிருப்பான். கணக்கில் தப்பே இல்லை. நடுவில் காற்று என்று ஒன்று இருப்பதை அந்த மகராசனுக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. கிரைஸில் அந்தப் பூசாரி, மலையிலிருந்து இறங்கும் வடகாற்று.

அந்தக் காற்றைப் பார்த்துச் சொல்வதுதான் ஆலுகிக்கு வேலை. மலைக்கும் உறைந்த கடலுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் கிடைத்ததே என்று போட்ட குட்டையான சரளைக்கல் ஓடுபாதை. அதன் ஓரத்தில் கம்பத்தில் கட்டிய, காற்று வீசும் பக்கம் காட்டும் ஒரு காற்றுப் பை, ஒரு தகரக் கொட்டகை. கொட்டகைக்குள் ரேடியோ, தொலைபேசி, காற்றின் வேகம் காட்டும் முள், ஆலுகி. ஐம்பது தாண்டிய வயது, கட்டையான உடம்பு, வெண்கலக் குரல். அவள் உள்ளே பேசினால் வெளியே நாய்கள் காதை மடக்கிக்கொள்ளும். ரெசொலூட்டிலிருந்து கிளம்பும் முன்னால் விமானி அவளைத்தான் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். அவள் வேண்டாம் என்கிற காற்றில் இறங்கிப் பார்க்கலாம் என்று நினைத்த விமானி இதுவரை இல்லை.

அந்த மே மாதம் ஆலுகி தன் புருஷன் வந்து இறங்குவதற்காகக் காத்திருந்தாள்.

புருஷன் இனுவாரக் போன அக்டோபரில் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஓடுபாதையில் பனி தள்ளும் வண்டியை ஓட்டியவர். ஒரு காலைப் பொழுதில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஸ்டியரிங் மேல் தலை சாய்த்தவர்தான். இறந்தவர் எப்படி விமானத்தில் வருவார் என்று அந்த ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆலுகியின் தம்பி சாக்கியாசிக்கு தெற்கே இகாலூயிட் நகர ஆஸ்பத்திரியில் ஆண் பிள்ளை பிறந்திருந்தது. அதற்கு இனுவாரக் என்று பேர் வைப்பதாகப் பேச்சு. பேர் வைத்துவிட்டால் பேருக்குரியவர் வந்துவிட்டார், அவ்வளவுதான் விஷயம். அப்புறம் அந்தப் பிள்ளை ஆலுகிக்குப் புருஷன், பெற்ற அப்பனுக்கு மச்சான், பெற்றவளுக்கு அண்ணன். அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்குரிய மரியாதையும் கொடுப்பார்கள். இதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. கேலி செய்வதற்குத்தான் நிறைய இருக்கிறது, கேலியில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"என்ன ஆலுகி, ஷாம்பூ எல்லாம் வாங்கறே?" என்று கேட்டாள் கடையில் கல்லாவில் இருந்த நீவியாக். ஊருக்கு இருப்பதே அந்த ஒரு கடைதான், அதனால் ஊர் வம்புக்கும் அதுதான் தலைமையகம். "வீட்டுக்காரர் வர்றாராமே."

"வர்றார். பல்லு இல்ல, தலையில முடி இல்லன்னு தம்பி பொண்டாட்டி சொல்றா."

"போகும்போதும் அப்படித்தானே இருந்தார்."

வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். ஆலுகிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏழு மாதமாக அவள் வாய்விட்டுச் சிரித்து யாரும் பார்க்கவில்லை. நீவியாக் மீதிச் சில்லறையோடு ஒரு மிட்டாயையும் சேர்த்து நீட்டி, "மாப்பிள்ளைக்கு" என்றாள்.

ஆனால் அந்தப் பேர் இன்னும் வைத்தபாடில்லை. அதற்குக் காரணமும் ஆலுகியேதான். பிள்ளை பிறந்த அன்றே தம்பி மனைவி பட்லூக் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டாள். "அண்ணி, போனைப் புள்ளை காதுல வெக்கட்டுமா? நீங்களே பேரைச் சொல்லிக் கூப்பிட்டுடுங்க" என்றாள்.

"வேண்டாம்," என்றாள் ஆலுகி. "கட்டின புருஷனைப் போன்லயா கூப்பிடுவாங்க? கையில வாங்கணும், முகத்தைப் பார்க்கணும், அப்புறம்தான் பேரு. நீ ரெசொலூட் வந்துட்டேன்னா அப்புறம் என்ன, ஒன்றரை மணி நேரம்தானே."

பாருங்கள், அந்த அட்டையைப் பார்த்துத் தினமும் வாயில் வந்தபடி வைதுகொண்டிருந்தவள், தன் காரியம் என்று வந்ததும் அதையே நம்பினாள். ஆசை வந்தால் அறிவு அடுப்படியில் போய் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

பட்லூக் பிள்ளையை அமௌட்டி அங்கியின் முதுகுப் பையில் போட்டுக்கொண்டு பெரிய விமானத்தில் ரெசொலூட் வந்து இறங்கினாள். அங்கிருந்து கிரைஸுக்குச் சின்ன விமானம். அது கிளம்ப வேண்டிய காலையில்தான் வடகாற்று மலையை விட்டு இறங்கியது. இறங்கினால் சும்மா இறங்குமா? காற்றுப் பை குச்சி மாதிரி விறைத்து நின்றது. மலைகளுக்கு இடையில் வளைந்து திரும்பித்தான் அந்தத் தளத்தில் இறங்க முடியும், அந்த வளைவில்தான் காற்று மேலிருந்து கீழே அறையும். ஆலுகி முள்ளைப் பார்த்தாள். தொலைபேசியில் கேட்ட விமானிக்கு உள்ளதை உள்ளபடி சொன்னாள். விமானம் வரவில்லை. மறுநாளும் அதே கதை. அதற்கு மறுநாள் காற்று இன்னும் கொழுத்துப் போயிருந்தது.

பட்லூக் ரெசொலூட்டில் தங்கியது தன் பெரியம்மா கில்லாக்கின் வீட்டில். அங்கேதான் வில்லங்கம். கில்லாக்கின் அண்ணன் மித்திக் அந்தக் குளிர்காலத்தில் இறந்திருந்தார். பட்லூக்குக்குத் தாய்மாமன். அவர் பேருக்கும் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. வீட்டுக்குள்ளேயே ஒரு பச்சைப் பிள்ளை பேர் இல்லாமல் வந்து படுத்திருந்தால் கில்லாக் மட்டும் என்ன, யாராக இருந்தாலும் கண் வைக்கத்தான் செய்வார்கள். ஒரு பிள்ளைக்கு நாலு பேர்கூட வைக்கலாம். ஆனால் முதலில் எந்தப் பேரை முகத்துக்கு நேரே சொல்லிக் கூப்பிட்டு, பிள்ளை அதை ஏற்றுக்கொண்டு அழுகையை நிறுத்துகிறதோ, அந்த ஆள்தான் அது. மற்றதெல்லாம் ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதத்தான் ஆகும்.

வியாழக்கிழமை மதியம் கில்லாக்கே ஆலுகியைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"சம்பந்தியம்மா, உங்க ஊர்க் காத்து எப்பதான் நிக்கும்?"

"என் கையில சுவிட்சா இருக்கு, திருப்பி நிறுத்த?"

"இந்தப் புள்ளை கத்தற கத்துல என் காது ரெண்டும் போச்சு. பால் குடிச்சாலும் கத்துது, குடிக்கலன்னாலும் கத்துது. பேருக்கு அழுவுது ஆலுகி. உனக்குத் தெரியாததா? பேரில்லாத புள்ளையை எத்தனை நாள் இப்படி அழவிடறது?"

"வந்து இறங்கட்டும். இறங்கின நிமிஷம் கூப்பிட்டுடறேன்."

"உன் வீட்டுக்காரருக்கு வர மனசிருந்தா காத்து நின்னிருக்கும். மனுஷன் அங்கேயே நிம்மதியா இருக்காரோ என்னவோ. என் அண்ணனைப் பாரு, இதே ஊர்க்காரன், ஒரு கூப்பாடு போட்டா ஓடி வந்துடுவான்."

"பேசி முடிச்ச விஷயம் சம்பந்தியம்மா. பட்லூக் வாக்குக் குடுத்திருக்கா."

"அவ குடுத்தா. அழுவுற புள்ளை குடுக்கலையே," என்றாள் கில்லாக். பேச்சில் கேலி இருந்தாலும் குரல் களைத்திருந்தது. "நான் ஒண்ணும் ராட்சசி இல்ல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள விமானம் கிளம்பினா உன் பாடு. கிளம்பலன்னா நான் என் அண்ணனைக் கூப்பிட்டுடுவேன். புள்ளைய அழவிட என்னால ஆகாது."

கில்லாக் சொன்னது நியாயம். நியாயம் என்பதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. அநியாயமாக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டியாவது மனதை ஆற்றியிருப்பாள்.

அன்று சாயங்காலம் சாக்கியாசி கொட்டகைக்கு வந்தான். முதல் பிள்ளையின் முகத்தை இன்னும் பார்க்காத அப்பன், நின்ற இடத்தில் நிற்க முடியாமல் தவித்தான். வெளியே அவனுடைய ஸ்கிடூ பனிவண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்னால் சறுக்குவண்டியில் கூடாரம், அடுப்பு, பெட்ரோல் எல்லாம் கட்டியாகிவிட்டது.

"அக்கா, நான் கடல்பனி மேலயே போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"போ. நீ அங்க போய்ச் சேரும்போது காத்து நின்னுரும், அவ இங்க வந்து இறங்குவா. நீ இல்லன்னு தெரிஞ்சு அவ அங்க திரும்பினா நீ இங்க வந்து நிப்பே. காலம் பூரா ரெண்டு பேரும் மாறி மாறிப் போய்ட்டே இருங்க."

"சும்மா இருக்கச் சொல்றியா?"

"பொறந்து ரெண்டு வாரம் ஆன புள்ளைய சறுக்குவண்டில போட்டு இந்தக் காத்துல இழுத்துட்டு வருவியா நீ? வண்டியை அணைடா முதல்ல. பெட்ரோல் என்ன கடல்ல ஊறுதா?"

சாக்கியாசி போய் அணைத்துவிட்டு வந்தான். முள்ளைப் பார்த்தான். முள் நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவில் துடித்துக்கொண்டிருந்தது. தரையைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டான். "அக்கா, காலைல பைலட் கேக்கும்போது ஒரு பத்து பதினஞ்சு குறைச்சுச் சொன்னா என்ன? கிளம்பிட்டான்னா எப்படியும் இறக்கிடுவான். ஃபாபியன் கெட்டிக்காரன்."

ஆலுகி மேசை மேல் கிடந்த கடல்நாயின் சீல்தோல் கையுறையை எடுத்து அவன் முதுகில் ஒன்று போட்டாள். "அந்த விமானத்துல யாருடா வர்றது? உன் பொண்டாட்டி, உன் புள்ளை. அறிவு இருக்கா உனக்கு?"

"தெரியாம கேட்டுட்டேன்."

"தெரிஞ்சேதான் கேட்டே. போய்ச் சாப்பிடு."

அவனை விரட்டிவிட்டாளே ஒழிய, அவன் கேட்டதை அவளால் விரட்ட முடியவில்லை. அதையே அவளும் காலையிலிருந்து மனதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி வாய்விட்டுக் கேட்டுவிட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்.

சனிக்கிழமை காலை கொட்டகைக் கதவைத் திறந்ததும் ஆலுகிக்கு முதலில் புரியவில்லை. அத்தனை நாளாகக் கேட்டுக் கேட்டுப் பழகிப்போன ஊளைச் சத்தம் இல்லை. காற்றுப் பை தொய்ந்து தொங்கியது. முள் பதினைந்தில் நின்றது. சூரியன் கடல்பனி மேல் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. ஒரு காக்கை ஓடுபாதையின் நட்ட நடுவில் தன் சொந்த இடம் மாதிரி நடந்தது. ஆலுகி பையிலிருந்து சின்னச் சீல்தோல் காலணிகளை எடுத்து மேசை மேல் வைத்தாள். குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து தைத்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும்.

தொலைபேசி அடித்தது. ஃபாபியன்தான். கியூபெக்கிலிருந்து வந்த இளைஞன், நல்ல விமானி, எதையும் இரண்டு தடவை கேட்கிறவன். அவன் பின்னால் ஒரு பிள்ளை வீறிட்டு அழுவது கேட்டது.

"ஆலுகி, நல்ல சேதி சொல்லுங்க. இங்க எல்லாரும் மூட்டை கட்டிட்டு உக்காந்திருக்காங்க."

ஆலுகி சன்னல் வழியாக மலையைப் பார்த்தாள். கீழே பொட்டுக் காற்றில்லை. ஆனால் உச்சியில், வானத்தைத் தொடும் விளிம்பில், பனித்தூள் வெள்ளைப் புகையாகக் கிளம்பித் தெற்கே சாய்ந்துகொண்டிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். காற்று போகவில்லை. மூச்சு வாங்குகிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி இறங்கும், இத்தனை நேரம் சும்மா இருந்ததற்கும் சேர்த்து.

முள் காட்டுவது பதினைந்து. பதினைந்து என்று சொன்னால் அது பொய் இல்லை. யாரும் வந்து குற்றம் சொல்ல முடியாது. விமானம் கிளம்பிவிடும். ஒன்றரை மணி நேரம். ஒருவேளை அதுவரை காற்று பொறுத்தாலும் பொறுக்கும். நாளைக்கு ஞாயிறு, விமானம் கிடையாது. நாளைக்குக் கில்லாக் தன் அண்ணனைக் கூப்பிட்டுவிடுவாள். அப்புறம் இனுவாரக் எந்தப் பிள்ளையாக, எந்த ஊரில், எந்தக் காலத்தில் வருவார் என்று யார் கண்டது?

"ஆலுகி? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள். "முள்ளு பதினஞ்சு காட்டுது. அதை நம்பாதே தம்பி. மலை உச்சி இன்னும் புகையுது. இறங்குச்சுன்னா நாப்பத்தஞ்சு, அம்பதுக்குக் குறையாது. நீ வளைஞ்சு திரும்பற நேரத்துல இறங்கும்."

"வரவேண்டாம்ங்கறீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் அந்த விமானத்துல வர்றார்டா. வராதே."

மறுமுனையில் ஃபாபியன் குழம்பினான். "உங்க வீட்டுக்காரரா? அவர்தான் போன வருஷமே..."

"அதெல்லாம் உனக்குப் புரியாது. வராதேன்னா வராதே," என்று சொல்லி ஆலுகி தொலைபேசியை வைத்துவிட்டாள்.

தேநீர் ஆறுவதற்குள் காற்று இறங்கியது. கொட்டகைத் தகரம் தடதடவென்று ஆடியது. காக்கை எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. முள் ஒரே தாவலில் ஐம்பதைத் தொட்டது. தான் சொன்னது பலித்ததில் ஆலுகிக்கு ஒரு துளிச் சந்தோஷமும் இல்லை. மேசை மேல் இருந்த காலணிகளின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகை கொஞ்சம் அடங்கியதும் கோபம் வந்தது. "உங்களுக்கு எதுலதான் அவசரம் இருந்திருக்கு?" என்று காலணிகளைப் பார்த்துத் திட்டினாள். "போறதுக்கு மட்டும் அவ்வளவு அவசரம். வர்றதுக்கு ஆற அமர வருவீங்க."

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. தொலைபேசி அடிக்குமோ என்று பயமாக இருந்தது. அடிக்கவில்லை என்று அதைவிடப் பயமாக இருந்தது. மத்தியானம் சாக்கியாசி உறைந்த மீன் ஒன்றைக் கொண்டுவந்து, தரையில் அட்டையை விரித்து, சீவி வைத்தான். இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். யாரும் பேரைப் பற்றிப் பேசவில்லை. ரெசொலூட்டிலிருந்து பட்லூக் கூப்பிடவே இல்லை என்பதில் இரண்டு பேருக்கும் சேதி கிடைத்துவிட்டது. நல்ல சேதி என்றால் எவளாவது இத்தனை நேரம் வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

"மித்திக் நல்ல மனுஷன்தான் அக்கா," என்றான் சாக்கியாசி கடைசியில். "எனக்கு மாமனார் முறை. என் புள்ளைக்கு நான் எந்திரிச்சு நின்னு மரியாதை குடுக்கணும், அது ஒண்ணுதான்."

அவன் சிரிக்க வைக்கத்தான் சொன்னான். ஆலுகியும் அவனுக்காகச் சிரித்து வைத்தாள். தனக்கு மித்திக் என்ன முறை என்று யோசித்துப் பார்த்தாள். சம்பந்தி. புருஷனுக்கென்று தைத்த காலணியைச் சம்பந்தி காலில் எப்படி மாட்டுவது? ஆனாலும் பிள்ளை பிள்ளைதான், காலில் குளிராமல் இருக்க வேண்டுமே. காலணிகளை மறுபடி பைக்குள் வைத்தாள்.

திங்கட்கிழமை காற்று நிஜமாகவே நின்றது. மலை உச்சி துடைத்து வைத்த மாதிரி இருந்தது. ஃபாபியன் கேட்டான், ஆலுகி சொன்னாள். "அஞ்சு. உச்சியும் சுத்தம். வா."

"நிஜமாவா?"

"ரெண்டு தடவை கேக்காதே. வா."

விமானம் கிளம்பிவிட்டது என்று ஊர் ரேடியோவில் சொன்னதுதான் தாமதம், ஊரே ஓடுபாதைக்கு வந்துவிட்டது. நீவியாக் கடையைப் பூட்டிவிட்டு வந்தாள். பிள்ளைகள், கிழவர்கள், நாய்கள், ஸ்கிடூக்கள். சாக்கியாசி புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அதன் மேல் பழைய மேலங்கியைப் போட்டிருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. விமானம் மலைகளுக்கு நடுவே வளைந்து திரும்பி, சரளைக்கல்லில் தடதடத்து வந்து நின்றது.

கதவு திறந்ததும் முதலில் இறங்கியது பட்லூக் இல்லை. பெரிய நீல மேலங்கி, அதற்குள் பெரிய உடம்பு, கையில் ஒரு பை. கில்லாக். அவளைப் பார்த்ததும் ஆலுகி முன்னால் வைத்த காலைப் பின்னால் எடுத்தாள். தன் அண்ணனைக் கொண்டுவந்து விட வந்திருக்கிறாள், வேறென்ன. அவள் பின்னால் பட்லூக் இறங்கினாள். அமௌட்டிப் பைக்குள்ளிருந்து பிள்ளை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது.

எல்லாரும் கொட்டகைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்தார்கள். சாக்கியாசி பிள்ளையை எட்டிப் பார்த்து, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆலுகி கில்லாக்குக்கு முன்னால் போய் நின்றாள். நடந்ததை ஏற்றுக்கொள்வது என்று இரவே முடிவு செய்திருந்தாள். "வாங்க சம்பந்தியம்மா. உங்க அண்ணனுக்குக் காலணி தெச்சு வெச்சிருக்கேன்," என்றாள்.

"எந்த அண்ணன்?" என்றாள் கில்லாக்.

"கூப்பிடலையா?"

"கூப்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். நேத்துக் காலைல மடியில போட்டுக்கிட்டு, மித்திக், மித்திக்னு காதோரமா கூப்பிட்டேன். கத்தினான் பாரு, சன்னல் கண்ணாடி தப்பிச்சது பெரும்பாடு. சரி, இவன் என் அண்ணன் இல்லன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. ஏன்னா அதுக்கு முன்னாடியே எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது." கில்லாக் பையைக் கீழே வைத்தாள். "தினம் காலைல ரெசொலூட் கொட்டகையில வந்து உக்காருவோம். புள்ளை கத்தும். இந்தப் பைலட் பையன் உனக்குப் போன் போடுவான், எல்லாருக்கும் கேக்கட்டும்னு சத்தமா வெப்பான். நீ பேசுவே. நாப்பதுங்கறே, அம்பதுங்கறே, வராதேங்கறே. நீ பேசி முடிக்கிற வரைக்கும் புள்ளை வாயைத் திறக்காது. நீ போனை வெச்சதும் மறுபடி ஆரம்பிச்சுடும். தினம் இதே கூத்து. சனிக்கிழமை, முள்ளு பதினஞ்சு காட்டியும் வராதேன்னு சொன்னியே, அப்போ பாக்கணும் நீ. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டு, மூச்சுக் காட்டாம கேட்டுட்டிருந்தான்."

ஆலுகி பட்லூக்கைப் பார்த்தாள். பட்லூக் ஆமாம் என்று தலையாட்டினாள். "நேத்தே உங்களுக்குப் போன் போடறேன்னேன் அண்ணி. பெரியம்மாதான் விடல. நேர்ல வந்து சொன்னாத்தான் ஆச்சுன்னாங்க."

"பின்னே? எங்க அண்ணன் ஜன்மத்துல ஒரு பொம்பளை பேச்சுக்கு வாயை மூடினவன் இல்ல," என்றாள் கில்லாக். "அதான் இவளைக் கேட்டேன். உங்க ஊர்ல ஆலுகி பேசினா வாயை மூடிக்கற ஆம்பளை யாருடீன்னு. 'எல்லாருமேதான் பெரியம்மா'ங்கறா. செத்துப் போனவங்கள்ல யாருன்னு கேக்கறேன்டீன்னு சொன்னேன்."

கொட்டகை இடிந்துவிடும்போல் சிரித்தது ஊர். நீவியாக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இருபத்தெட்டு வருஷப் பயிற்சி. சும்மாவா?" என்றாள்.

கில்லாக் ஆலுகியின் தோளில் கை வைத்தாள். இப்போது அவள் கேலி பண்ணவில்லை. "எனக்கு ஆசை இல்லாம இல்ல ஆலுகி. நேத்து ராத்திரி அழுதேன். ஆனா அம்பது காத்துல உன் புருஷன் வரவேண்டாம்னு நீ சொன்னதை நானும்தான் கேட்டுட்டிருந்தேன். மறுநாள் ஞாயித்துக்கிழமைன்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் சொன்னே. வாங்கிக்க. இது உன் ஆளு." பிறகு சாக்கியாசி பக்கம் திரும்பி, "அடுத்தது என் அண்ணன். சீக்கிரம் ஏற்பாடு பண்ணு" என்றாள். பட்லூக், "பெரியம்மா, முதல்ல நான் தூங்கணும்" என்று சொல்லி, பிள்ளையை முதுகுப் பையிலிருந்து எடுத்து ஆலுகியின் கையில் வைத்தாள்.

முகம் சிவந்து, கை இரண்டையும் முறுக்கிக்கொண்டு, உலகத்தின் மேல் உள்ள குறையெல்லாம் சொல்லி அழுதுகொண்டிருந்தது பிள்ளை. ஆலுகி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேரைச் சொல்ல வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள். வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. ஆலுகிக்குக் குரல் வராத நாளை அந்த ஊர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தது. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லு அக்கா," என்றான் சாக்கியாசி மெதுவாக.

"இத்தனை நாளா," என்று ஆரம்பித்தாள் ஆலுகி. தொண்டை திறந்துகொண்டது. "இத்தனை நாளா எங்க போய் உக்காந்திருந்தீங்க? ஒன்றரை மணி நேரம் வர்றதுக்கு இவ்வளவு நாளா? இங்க ஒருத்தி ஒத்தையில என்ன பாடு பட்டுட்டிருக்கான்னு கொஞ்சமாவது நெனப்பு இருந்துச்சா?"

பிள்ளை அழுகையை நிறுத்தியது. ஒரு விக்கல் வந்தது. நனைந்த கண்களைத் திறந்து அவள் முகத்தையே பார்த்தது.

"இனுவாரக்," என்றாள் ஆலுகி.

அப்புறம் ஒவ்வொருவராக வந்து அந்தச் சின்ன விரலைப் பிடித்துக் குலுக்கினார்கள். "வந்துட்டீங்களா மச்சான்," என்றான் சாக்கியாசி, அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும். "வாங்க அண்ணா," என்றாள் பெற்றவள். ஒரு கிழவர் குனிந்து, "பனி தள்ளற வண்டி பழுதாக் கிடக்குப்பா, வந்து பாரு" என்றார். கில்லாக் ஓரமாக உட்கார்ந்து, நீவியாக் ஊற்றிக் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தாள். ஆலுகி காலணிகளை மாட்டிப் பார்த்தாள். கொஞ்சம் பெரிதாகத்தான் இருந்தன.

ஃபாபியன் கதவு வழியாகத் தலையை நீட்டினான். சாமான் எல்லாம் இறக்கியாகிவிட்டது. கிளம்பினால்தான் மதியத்துக்குள் ரெசொலூட் போய்ச் சேர முடியும், காற்றைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். ஆலுகி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையைத் தன் நாற்காலியில், மேலங்கியை மடித்துப் போட்டு, முள்ளுக்கு எதிரே கிடத்தி, தம்பியைப் பக்கத்தில் நிறுத்தினாள்.

"கொஞ்சம் இருங்க," என்றாள் குனிந்து. "இந்த விமானத்தை அனுப்பி வெச்சிட்டு வந்துடறேன். ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போவோம்."